சிவப்பணுவுக்குள் ஒட்டும் சர்க்கரை

மாணவர்களே, உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ நீரிழிவுக்கு மருந்து சாப்பிடுகிறார்களா? அப்படியானால் ‘எச்பிஏ1சி’ என்ற இரத்தப் பரிசோதனையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சில மாதங்களுக்கு ஒருமுறைதான் அதை எடுப்பார்கள். ஏன் வாரந்தோறும் எடுப்பதில்லை?

தசை, கொழுப்பு உயிரணுக்களுக்குள் குளுக்கோஸ் தாராளமாக நுழைய இன்சுலின் வேண்டும். சிவப்பணுவுக்கு அது தேவையில்லை. அதன் சவ்விலுள்ள ‘குளுட்1’ என்ற புரதம், இன்சுலின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குளுக்கோசை உள்ளே விடும். மைட்டோகாண்ட்ரியா இல்லாத இந்த அணு ஆற்றலுக்குக் குளுக்கோசையே நம்பியிருப்பதால் இது நல்ல ஏற்பாடுதான். ஆனால், இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அணுவுக்குள்ளும் ஏறிவிடும்.

மிகுந்த குளுக்கோஸ் சும்மா இருப்பதில்லை. எந்த நொதியின் துணையும் இன்றித் தானாகவே புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது. ஹீமோகுளோபினில் ஒட்டியதைத்தான் எச்பிஏ1சி அளக்கிறது. நொதிகளும் புரதங்கள்தாமே? அவற்றையும் அது விட்டுவைப்பதில்லை. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி, தீங்கு தரும் ஒருவகை ஆக்சிஜனை அகற்றி அணுவைக் காக்கிறது. சர்க்கரை ஒட்டினால் அதன் செயல்திறன் குறைகிறது.

மற்ற உயிரணுக்கள் பழுதான நொதிக்குப் பதில் புதியதைச் செய்துகொள்ளும். முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, ரைபோசோமும் இல்லை. கைவசம் உள்ள நொதிகளை வைத்தே சுமார் 120 நாள் ஓட்ட வேண்டும். ஆகவே, இன்சுலின் ஊசி போட்டு இன்று சர்க்கரை குறைந்தாலும் ஏற்கெனவே கெட்ட நொதி சீராவதில்லை. பழைய அணுக்கள் மறைந்து புதியவை வர வேண்டும். பரிசோதனைக்கு முந்திய வாரம் மட்டும் தே தாரிக்கை நிறுத்திப் பார்ப்பவர்களின் தந்திரம் பலிக்காததும் இதனால்தான்!

ஒரு விதிவிலக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தில் ‘ஜி6பிடி’ என்ற நொதியைச் சோதிக்கிறார்கள். ஆக்சிஜனேற்றத்திலிருந்து சிவப்பணுவைக் காக்கும் நொதி அது. அது குறைவாக உள்ளவர்களுக்குச் சில மருந்துகளால் சிவப்பணுக்கள் சீக்கிரமே சிதையும். அணுவின் ஆயுள் குறைந்தால் சர்க்கரை ஒட்டிக்கொள்ளக் கிடைக்கும் நாள்களும் குறையும். அப்போது எச்பிஏ1சி அளவு உண்மை நிலையைவிடத் தாழ்வாகக் காட்டலாம். நீரிழிவே கண்ணில் படாமல் போகலாம். அத்தகையோருக்கு மருத்துவர்கள் இரத்தச் சர்க்கரையை நேரடியாக அளந்தும் பார்ப்பார்கள். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இக்குறைபாடு இருந்தால், பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவரிடம் அதைச் சொல்லச் சொல்லுங்கள்.