பச்சைத் தண்டு அழுகினால் சிவப்பு உருண்டை பிழைக்குமா?

கேள்வி: ஜன்னலோரம் ஒரு மூன் கேக்டஸ் வைத்திருக்கிறேன். பச்சைத் தண்டின் மேல் சிவப்பு உருண்டை உட்கார்ந்திருக்குமே, அந்த வகை. அடைமழை முடிந்த பிறகு பார்த்தால் தண்டின் அடி பழுப்பாகிக் கொழகொழவென்று இருக்கிறது. உருண்டை இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது. அதை மட்டும் வெட்டி மண்ணில் நட்டால் பிழைக்குமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: பிழைக்காது, நடாதீர்கள். அந்த உருண்டையில் பச்சையம் இல்லை. தனக்கு வேண்டிய உணவைத் தானே தயாரிக்க அதனால் முடியாது. பராகுவே நாட்டுக் கள்ளி ஒன்றின் நாற்றுகளில் பச்சையம் இல்லாமல் பிறந்த கன்றுகளை 1940-களில் ஜப்பானில் ஒட்டுக்கட்டிக் காப்பாற்றினார்கள். உங்கள் செடி அந்த வழியில் வந்தது. கீழே இருக்கும் முப்பட்டைத் தண்டு டிராகன் பழச் செடியின் இனம். உருண்டைக்குச் சோறு போடுவது அதுதான். ஆகவே தண்டைக் காப்பாற்றுங்கள்.

இன்றே செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். கூர்மையான பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து, அழுகலுக்குச் சற்று மேலே குறுக்காக வெட்டுங்கள். வெட்டிய முகத்தின் நடுவில் சின்ன வட்டமாக நரம்பு வளையம் தெரியும். அதில் ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளி இருந்தாலும் அழுகல் மேலே ஏறிவிட்டது என்று அர்த்தம். பிளேடை மறுபடி துடைத்து இன்னொரு வில்லை வெட்டுங்கள். முகம் முழுக்க ஒரே பச்சையாக, சுத்தமாகத் தெரியும்வரை நிறுத்தக் கூடாது. பெரும்பாலானோர் இங்கேதான் மனம் வராமல் பாதியில் விட்டுவிடுகிறார்கள். மிச்சம் வைத்த புள்ளி ஒரே வாரத்தில் செடியைத் தின்றுவிடும். இரண்டு அங்குலத் தண்டு மிஞ்சினாலும் போதும், இந்த இனம் சுலபமாக வேர்விடும்.

வெட்டிய துண்டை உடனே நடாமல், காற்றோட்டமான நிழலில் ஏழு முதல் பத்து நாள் காயவிடுங்கள். வெட்டுமுகம் தோல்போல இறுகிவிட வேண்டும். கந்தகத் தூள் தடவலாம், ஆனால் காய்வதுதான் முக்கிய மருந்து. கடையில் கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தருவார்கள். கேக்டஸை அழுகவைப்பதில் பெரும்பங்கு வகிக்கும் பித்தியம், பைட்டோப்தோரா என்ற கிருமிகள் இரண்டையும் அது கட்டுப்படுத்தாது. அதை நம்பி வெட்டாமல் விடாதீர்கள்.

பிறகு, சலித்த கரடுமுரடான மணலும் பர்லைட்டும் முக்கால் பங்கு, மக்கிய உரம் கால் பங்கு கலந்து, அடியில் ஓட்டையுள்ள சின்னத் தொட்டியில் நடுங்கள். ஒரு வாரம் கழித்துக் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டால் போதும். சில வாரங்கள் போனதும் லேசாக இழுத்துப் பாருங்கள்; பிடிமானம் தெரிந்தால் வேர் வந்துவிட்டது.

பழுப்பு உருண்டைவரை ஏறியிருந்தால் வேறு வழி, புதிதாக ஒட்டுக்கட்டுவதுதான். ஆரோக்கியமான டிராகன் பழத் தண்டை வெட்டி, உருண்டையின் அடியையும் மெல்லியதாகச் சீவி, ஈரம் காய்வதற்குள் இரண்டின் நரம்பு வளையங்களும் ஓரிடத்திலாவது தொடும்படி வைத்து, ரப்பர் பேண்டால் தொட்டியோடு சேர்த்துப் பிணையுங்கள். இரண்டு வாரம் ஒட்டின் மேல் தண்ணீர் படக்கூடாது. உருண்டையே குழைந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

காரணம் மழை மட்டுமாக இருக்காது. நர்சரியில் இவற்றை வெறும் கோகோபீட்டில் வைத்து, மேலே கூழாங்கல்லைப் பசைபோட்டு ஒட்டியும் விற்கிறார்கள். மேற்பரப்பு காய்ந்து தெரியும், உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும். அடுத்தது வாங்கினால், வந்த வாரமே கல்லைப் பெயர்த்து மண்ணை மாற்றிவிடுங்கள்.