பட்டாளத்து மிச்சமும் கம்ப்யூட்டர் கணக்கும்

எந்த ஒர்க்‌ஷாப் ஸ்டோர்ரூமிலும் ஒரு மூலை உண்டு. தாடை உடைந்த வைஸ், சுற்றாத மோட்டார், அதற்கு நடுவில் நன்றாகவே வேலை செய்யும் ஒரு மல்டிமீட்டர். பக்கத்து லேபில் அதே மல்டிமீட்டருக்கு நாம் வரிசையில் நிற்போம். இருப்பது லேபுக்குத் தெரியாது, வேண்டும் என்பது ஸ்டோருக்குத் தெரியாது.

இதே கூத்து அமெரிக்க ராணுவத்திலும் நடந்திருக்கிறது. அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகமான ஜி.ஏ.ஓ. 2002-ல் வெளியிட்ட விவரம் இது. ரசாயன, கிருமி ஆயுதங்களிலிருந்து வீரரைக் காக்கும் உடையை ராணுவம் ஒரு செட் 200 டாலருக்கு மேல் கொடுத்துப் புதிதாக வாங்கிக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் அதே உடையை, உபரி என்று சொல்லி, 3 டாலருக்கும் குறைவாக வெளியே விற்றுக்கொண்டிருந்தது! யாரும் திருடவில்லை. இரண்டு கணக்குப் புத்தகங்கள் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பேச வைப்பது எப்படி? இங்கேதான் நம்ம சப்ஜெக்ட் வருகிறது.

முதலில் நம்பர். அமெரிக்க ராணுவத்தில் திருகாணி முதல் லாரி வரை எல்லாவற்றுக்கும் 13 இலக்க ஸ்டாக் நம்பர் உண்டு. முதல் 4 இலக்கம் பொருளின் வகை: 1005 என்றால் 30 மி.மீ. வரையிலான துப்பாக்கி, 2320 சக்கர வாகனம், 7110 ஆபீஸ் மேஜை நாற்காலி. அடுத்த 2 இலக்கம் நம்பர் கொடுத்த நாடு. கடைசி 7 அந்தப் பொருளுக்கே உரியது. டேட்டாபேஸ் படித்தவர்களுக்கு இது பிரைமரி கீ. ஒருத்தர் 'விளக்கு' என்று எழுதுவார், இன்னொருத்தர் 'டார்ச்' என்பார், நம்பர் மாறாது. சரியான நம்பர் தெரியாத பொருளுக்கு உள்ளூரிலேயே ஒரு நம்பர் போட்டு, 'உதிரி பாகங்கள்' என்கிற மாதிரி பொத்தாம்பொதுவாக எழுதி அனுப்புவதும் உண்டு. அப்புறம் எத்தனை பெரிய கம்ப்யூட்டர் இருந்து என்ன, தேடினால் கிடைக்காது.

இதோடு இரண்டு குறியீடு. ஒன்று நிலைமை: ஏ என்றால் அப்படியே பயன்படுத்தலாம், எஃப் என்றால் ரிப்பேர் பார்த்தால் ஓடும், எச் என்றால் கண்டம். மற்றொன்று பொருளின் ஆபத்தைச் சொல்வது. அதில் ஏ என்றால் சாதாரணச் சாமான். டி என்றால், பயன்பாடு முடிந்ததும் திரும்பச் சேர்க்க முடியாதபடி முழுசாக அழித்தே ஆகவேண்டும்.

பிறகு வரிசை. உபரிப் பொருள் பட்டியலில் ஏறியதும் முதல் உரிமை ராணுவப் பிரிவுகளுக்கு. போலீஸ் துறை போன்ற சில தனித் திட்டங்களும் ஆரம்பத்திலேயே கேட்கலாம். அடுத்து மற்ற மத்திய அரசுத் துறைகள், பிறகு மாநிலங்கள். யாரும் கேட்காவிட்டால்தான் விற்பனை. எல்லாம் சுமார் ஆறு வாரத்தில். தனக்கு வேண்டியதை முன்கூட்டியே பதிந்து வைத்தால், அது வந்தவுடன் கம்ப்யூட்டரே ஈமெயில் அனுப்பிவிடும். உண்மையைச் சொன்னால் இந்த லாஜிக் பெரிய வித்தையில்லை. இரண்டாம் வருஷப் பையன் டேபிளைக் கையில் கொடுத்தால் ராத்திரியோடு ராத்திரியாக எழுதிவிடுவான்.

சரி, நம்பர் பொருந்தினால் போதுமா? கேட்கிறவர் யார் என்பதை எந்த நம்பர் சொல்லும்?

1990-ல் போதைப்பொருள் தடுப்புக்காகத் தொடங்கிய வழி, 1996-ல் நிறைவேறிய சட்டத்தின் 1033-ம் பிரிவால் பொதுவாகப் போலீஸ் துறைகளுக்கும் திறந்தது. 2014-ல் பெர்குசன் நகரில் ஆர்ப்பாட்டக்காரர்கள் எதிரே கவச வண்டியும் ராணுவ உடையுமாகப் போலீஸ் நின்றபோதுதான், இந்தச் சாமான்கள் எங்கே போகின்றன என்று ஊரே கேட்டது.

பிறகு ஜி.ஏ.ஓ. ஒரு காரியம் செய்தது. இல்லாத ஒரு மத்திய அரசு ஏஜென்சியைக் கற்பனையாக உருவாக்கி, உபரிப் பொருள் கேட்டு விண்ணப்பித்தது. கடிதப் போக்குவரத்து பெரும்பாலும் ஈமெயிலிலேயே நடந்தது. ஆபீஸ் எங்கே என்று யாரும் நேரில் போய்ப் பார்க்கவில்லை. விண்ணப்பம் பாஸ்! பொருள்களைக் கேட்ட ஒரு வாரத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுப்பாட்டுப் பொருள்களுக்கு ஒப்புதல் வந்துவிட்டது. இருட்டில் பார்க்கும் கண்ணாடி, பயிற்சித் துப்பாக்கி, பயிற்சிக் குழாய் வெடிகுண்டு என்று மொத்தம் சுமார் 12 லட்சம் டாலர் மதிப்பு. பயிற்சிச் சாமான்தானே என்று விட்டுவிட முடியாது. கடையில் கிடைப்பதை வைத்து மாற்றினால் ஆளைக் கொல்லக்கூடியவை அவற்றில் இருந்தன.

எனக்குத் திக்கென்றது குடோன் வாசல் கதைதான். பொருளை எடுக்க வந்தவரிடம் அடையாள அட்டை கேட்டுச் சரிபார்ப்பது வழக்கமாகவே இல்லை. எண்ணிக்கையும் எல்லா இடத்திலும் சரிபார்க்கப்படவில்லை. ஸ்கிரீனில் 'ஒப்புதல்' என்று வந்துவிட்டால் வாசலில் இருப்பவர் எதற்குச் சந்தேகப்படப் போகிறார்? நானாக இருந்தாலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கேட்டைத் திறந்திருப்பேன்.

2017 ஜூலையில் வந்த அறிக்கை நான்கு பரிந்துரை சொன்னது: விண்ணப்பிக்கும் ஏஜென்சியைச் சரிபார்க்கும் விதியைத் திருத்து, எடுக்க வருபவரின் அடையாளத்தைப் பார், பொருளின் வகையையும் எண்ணிக்கையையும் பார், மோசடி எந்த வழியில் நுழையும் என்று மொத்தத் திட்டத்தையும் ஆராய். புது சாஃப்ட்வேர் வாங்கு என்று அதில் ஒரு பரிந்துரைகூட இல்லை.

விருப்பமுள்ளவர்கள் இதற்கு ஒரு ஃப்ளோசார்ட் போட்டுப் பாருங்கள். பொருள் பட்டியலில் ஏறுவதிலிருந்து லாரியில் ஏறுவது வரை. ஒரு நிபந்தனை: கம்ப்யூட்டர் தானே பதில் சொல்லக்கூடிய டைமண்ட் பெட்டிகளை நீலத்தில் வரையுங்கள், ஒரு ஆள் எழுந்து போய்ப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும் என்பவற்றைச் சிவப்பில். எனக்குச் சிவப்பு மூன்று வந்தது. உங்களுக்கு அதைவிடக் குறைந்தால் தாளோடு வாருங்கள், கேன்டீனில் உட்கார்ந்து சண்டை போடலாம்.