பரவும் வீடியோவும் பெருகும் விற்பனையும்

ஒரு காலத்தில் கடைக்கு விளம்பரம் என்றால் பெயர்ப்பலகை, துண்டுப்பிரசுரம், பத்திரிகையில் ஒரு சிறு கட்டம் என்பதோடு முடிந்துவிடும். இன்று புதுக்கடையிலோ வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ சிறிய கடை வைத்திருப்பவரும் கைத்தொலைபேசியில் ஒரு வீடியோ எடுத்து பேஸ்புக்கிலும் டிக்டொக்கிலும் போடுகிறார். அது நாலாபுறமும் பரவினால் வியாபாரம் பெருகும் என்பது அவரது எதிர்பார்ப்பு. ஆனால், ஆயிரக்கணக்கானோர் பார்த்த பின்பும் கல்லாவில் எந்த மாற்றமும் இல்லையே என்று கவலைப்படும் வியாபாரிகளும் நம்மிடையே உள்ளனர். பரவுவது வேறு, விற்பது வேறு. இரண்டையும் இணைப்பது எது என்பதை நடந்த சில உதாரணங்களைக் கொண்டு பார்ப்போம்.

பெரும் செலவு தேவையில்லை

2021 மே மாதம் யொஹானியும் சதீஷன் ரத்நாயக்கவும் பாடி வெளியிட்ட 'மெனிகே மகே ஹிதே' நமது நாட்டில் இருந்தே உலகெங்கும் பரவியது. அந்த வீடியோவில் இருப்பது ஒலிவாங்கிக்கு முன்னால் பாடும் எளிய காட்சிதான். சிங்களம் தெரியாத இந்தியர்களும் அதை விரும்பிக் கேட்டார்கள். நடிகர் அமிதாப் பச்சன் தனது பழைய நடனக் காட்சியோடு இப்பாட்டை இணைத்த வீடியோவைப் பகிர்ந்தார். ஆடம்பரச் செலவு இல்லாமலும் ஒரு வீடியோ பரவும் என்பதற்கு இது நல்ல சான்று.

பரவினால் மட்டும் போதாது

தமிழில் '3' திரைப்படத்துக்காக 2011 நவம்பரில் வெளியான 'கொலவெறி' பாட்டும் இதே வகைதான். அதுவும் ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுத்த எளிய வீடியோ. அது பரவிய வேகத்தை இந்தியாவே வியந்து பார்த்தது. ஆனால் 2012 மார்ச் 30இல் திரைக்கு வந்த படம் அந்தப் பாட்டின் புகழுக்கு ஈடான வெற்றியைப் பெறவில்லை. படத்தின் கதையைப் பற்றிப் பாட்டு எதுவும் சொல்லவில்லை. ரசித்தவர்கள் பாட்டை இலவசமாக ரசித்ததோடு திருப்தி அடைந்துவிட்டார்கள். சிரிப்பு வீடியோவின் முடிவில் கடையின் பெயரை ஒட்டிவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பொருளே கதாநாயகன்

அமெரிக்காவில் பிளெண்டர் தயாரிக்கும் பிளெண்டெக் கம்பனியின் ஸ்தாபகர் டொம் டிக்சன், தனது இயந்திரத்தின் பலத்தைச் சோதிக்க மரக்கட்டைகளை அதில் போட்டு அரைப்பது வழக்கம். தரையில் கிடந்த மரத்தூளைக் கண்ட விற்பனைப் பிரிவு அதிகாரி, இதையே படம் பிடித்தால் என்ன என்று யோசித்தார். 2006இல் சுமார் 50 டொலர் செலவில் முதல் வீடியோக்கள் தயாராகின. கோலிக் குண்டுகளும் பிற்பாடு ஐபோனும்கூட அரைபட்டன. மக்கள் சிரித்தார்கள், பகிர்ந்தார்கள். அத்தோடு, "இவ்வளவு பலமான இயந்திரமா?" என்றும் கேட்டார்கள். விற்பனை பன்மடங்கு உயர்ந்தது. வேடிக்கையும் பொருளின் தரமும் இங்கே ஒன்றாகவே இருந்தன.

தயாராக இருங்கள்

2012 மார்ச்சில் அமெரிக்காவின் டொலர் ஷேவ் கிளப் என்ற சவர அலகுக் கம்பனி சுமார் 4,500 டொலர் செலவில் ஒரு வீடியோ வெளியிட்டது. இரண்டு நாட்களில் 12,000 பேர் பொருளைக் கேட்டார்கள். வந்த கூட்டத்தைத் தாங்காமல் அவர்களது இணையத்தளமே முடங்கிப்போனது. நமது கடையில் நூறு பேர் ஒரே நாளில் வட்ஸ்அப்பில் விலை கேட்டால் பதில் சொல்ல யார் இருக்கிறார்? களஞ்சியத்தில் சரக்கு உண்டா? பதில் கிடைக்காத வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

செய்ய வேண்டியவை

1. உங்கள் பொருளை நீங்கள் எப்படிச் சோதிக்கிறீர்களோ அதையே படம் பிடியுங்கள். துணிக்காரர் சாயம் போகாததைத் தண்ணீரில் நனைத்துக் காட்டலாம். பை விற்பவர் பாரம் ஏற்றிக் காட்டலாம்.

2. முதல் சில விநாடிகளிலேயே பொருளைக் காட்டுங்கள். நீண்ட முன்னுரை வேண்டாம்.

3. விலை, கடை இருக்கும் இடம், தொலைபேசி இலக்கம் மூன்றும் தெளிவாக இருக்கட்டும்.

4. பார்த்தவர் எத்தனை பேர் என்பதை மட்டும் எண்ணாதீர்கள். "வீடியோ பார்த்து வந்தீர்களா?" என்று கடைக்கு வருபவரிடம் கேட்டு ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.

5. ஒரே வீடியோவில் முதலைக் கொட்டாமல், சிறு செலவில் பலவற்றை முயன்று பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்

பிறருடைய பாட்டை அனுமதியின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வழக்கில் கொண்டுபோய் விடலாம். பொருளைப் பற்றிப் பொய்யான தகவல் தருவதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடை செய்கிறது. புதுக்கடைக்கு வியாபாரத்துக்காகப் போகலாம், வழக்குக்காகப் போகும்படி ஆகிவிடக் கூடாது.

நல்ல சரக்கைப் போலவே பொய்யையும் வீடியோ வேகமாகப் பரப்பும். கடையில் கொடுக்க முடிந்ததை மட்டும் திரையில் காட்டுங்கள். அதைப் பார்த்து வந்தவர் ஏமாறாமல் திரும்பிப் போனால், அடுத்த விளம்பரத்தை அவரே செய்துவிடுவார்.