நாமமும் உச்சரிப்பும்

வேதபகுதி: யாத்திராகமம் 3:13–15; யோவேல் 2:32; ரோமர் 10:12–13

கர்நாடக எல்லையில், ஓசூரை அடுத்து அமைந்துள்ளது அத்திபெலே. தமிழும் கன்னடமும் தெலுங்கும் அன்றாடம் புழங்கும் ஊர். அங்கே இம்மூன்று மொழிகளின் பழைய வேதாகம மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்து 23ஆம் சங்கீதத்தைத் திறந்தால், கன்னடமும் தெலுங்கும் மேய்ப்பரை "யெகோவா" என்கின்றன. தமிழோ "கர்த்தர்" என்கிறது. மூலத்தில் உள்ள நாமம் ஒன்றே.

இந்த வேறுபாடு விசுவாசத்தையே குலைக்குமா? குலைக்கும் என்று போதிப்போர் உண்டு. எபிரெய நாமத்தை உச்சரித்தாலன்றி ஜெபம் கேட்கப்படாது என்றும், "இயேசு" என்பது புறஜாதித் தெய்வத்தின் பெயரிலிருந்து வந்தது, "யெஷுவா" என்றே அழைக்க வேண்டும் என்றும் அவர்கள் கூறுகின்றனர். அப்படியானால், வாழ்நாளெல்லாம் "இயேசுவே" என்று அழைத்துக் கண்மூடிய ஒரு தாயின் ஜெபம் வீணாயிற்றா? இக்கேள்விக்கு வேதத்திலிருந்தே விடை காண்பது அவசியம்.

நான்கு எழுத்துகள்

பழைய ஏற்பாட்டில் ஏறத்தாழ 6,800 முறை வரும் தேவநாமம் நான்கு மெய்யெழுத்துகளால் எழுதப்பட்டது. அதன் பரிசுத்தத்துக்கு அஞ்சிய யூதர், அவ்விடங்களில் "அதோனாய்", அதாவது ஆண்டவர், என்று வாசித்தனர். பிற்காலத்தில் வேதபாரகர் உயிர்க்குறிகளைச் சேர்த்தபோது, "அதோனாய்" என்று வாசிப்பதை நினைவூட்டும் குறிகளையே பெரும்பாலும் இட்டனர். இரண்டும் இணைந்து உருவானதே "யெகோவா" என்னும் வடிவம். ஆதி உச்சரிப்பு "யாவே" என்பதாயிருக்கலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆகவே, ஒலியின்மேல் இரட்சிப்பைக் கட்டுகிறவர் முழு நிச்சயமற்ற ஒன்றின்மேல் கட்டுகிறார்.

அப்போஸ்தலர் காட்டிய வழி

"இயேசு" என்னும் வடிவம் கிரேக்கத்தின் "ஈயேசூஸ்" என்பதிலிருந்து வந்தது. கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே, வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூதர் யோசுவாவின் பெயரை இவ்வாறே எழுதினர். எபிரெயர் 4:8இல் யோசுவாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் இதுவே. புறஜாதித் தெய்வத்துக்கு இதில் இடமில்லை.

கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ளுகிறவன் இரட்சிக்கப்படுவான் என்னும் யோவேலின் வாக்குத்தத்தம், மூலத்தில் அந்நான்கு எழுத்துகளைக் கொண்டது. அதைப் பவுல் ரோமருக்கு எழுதியபோது, "ஆண்டவர்" எனப் பொருள்படும் "கூரியோஸ்" என்னும் சொல்லே நிற்கிறது. கிடைத்துள்ள புதிய ஏற்பாட்டுக் கிரேக்கப் பிரதிகள் யாவும் இதற்குச் சாட்சி. மாற்கு, சிலுவையில் எழுந்த அரமேயக் கூக்குரலை அப்படியே எழுதிவிட்டு, அதன் பொருளையும் தருகிறார் (15:34). மொழிபெயர்ப்பு சுவிசேஷத்துக்குள்ளேயே இருக்கிறது.

தமிழ் கடந்த பாதை

தமிழிலும் சொற்கள் மாறியுள்ளன. தரங்கம்பாடியில் சீகன்பால்க் "சருவேசுரன்" என்றார். பெப்ரீசியஸ் "பராபரன்" என்றார். 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு "தேவன்" என்றது. 1995இன் திருவிவிலியம் "கடவுள்" என்கிறது. பழகிய சொல்லை விட மனமின்றி, லுத்தரன் சபையார் நெடுங்காலம் பெப்ரீசியஸின் வேதத்தையே பற்றிக்கொண்டனர். சொற்கள் மாறினாலும் அழைக்கப்பட்டவர் மாறவில்லை.

எனினும் எபிரெய நாமத்தை நேசிப்பவரை அற்பமாய் எண்ணலாகாது. தமிழ் வேதாகமமே யாத்திராகமம் 6:3இலும் சங்கீதம் 83:18இலும் "யேகோவா" என்பதைக் காத்துவைத்துள்ளது. எல்லாச் சபைகளும் பாடும் "அல்லேலூயா"விலும் அந்நாமத்தின் சுருக்கம் ஒலிக்கிறது. "யெகோவா" என்று ஜெபிப்பதில் பிழையில்லை. அவ்வாறு ஜெபியாத சகோதரனைத் தள்ளிவிடுவதே பிழை. புசிப்பவனும் புசியாதவனும் ஒருவரையொருவர் தீர்க்கலாகாது என்று ரோமர் 14இல் பவுல் கற்பித்த பாடம் இங்கும் பொருந்தும்.

பெற்ற பிள்ளை மழலையில் அழைத்தாலும் தகப்பன் திரும்பிப் பார்க்கிறான். பரமபிதாவின் செவி அதனினும் மந்தமானதன்று. அந்தத் தாயின் ஜெபம் வீணாகவில்லை.

சிந்தனைக்கு:

1. தேவநாமத்தை வீணிலே வழங்குவது உச்சரிப்பினாலா, நடக்கையினாலா? (யாத்திராகமம் 20:7)

2. வேறு சொல்லால் ஜெபிக்கும் சகோதரனோடு ஒருமனமாய் ஜெபிக்கத் தடையாய் நிற்பது எது?