குழந்தைகளின் உடற்பருமனும் வறுமையும்

உடற்பருமன் செல்வச் செழிப்பின் விளைவு என்பதே நம் நாட்டில் பலர் கொண்டுள்ள கருத்து. இங்கிலாந்தின் கணக்கோ இதற்கு நேர்மாறானது. அங்கு 2005-06 முதல் பள்ளிச் சிறுவரின் உயரமும் எடையும் அரசினரால் அளக்கப்பட்டு வருகின்றன. 2022-23இல், நான்கைந்து வயதினருள் மிக வறிய வட்டாரங்களில் நூற்றுக்கு 12.4 பேரும், வறுமை மிகக் குறைந்த வட்டாரங்களில் 5.8 பேரும் மிகைப்பருமன் உடையோராய்க் காணப்பட்டனர். பத்துப் பதினோரு வயதினரிடையே இவ்வளவுகள் முறையே 30.2, 13.1 ஆகும். வயது ஏறுந்தோறும் இடைவெளி அகலுவது கவனிக்கத்தக்கது.

இதனைப் பெற்றோரின் அசட்டை என்று ஒதுக்கிவிடுதல் எளிது; ஆயினும் முறையன்று. ஒரே அளவு கலோரியைச் சர்க்கரையும் கொழுப்பும் மிக்க பண்டங்கள் மலிவாகத் தருகின்றன. காய்கனிகளுக்கோ விலை பன்மடங்கு. பொரித்த உணவு விற்கும் கடைகளும் வறிய வட்டாரங்களிலேயே நெருங்கியுள்ளன. சர்க்கரை மிகுந்த பானங்கள்மீது 2018 ஏப்ரலில் தீர்வை விதிக்கப்பட்டது. அதனை முன்னிட்டு உற்பத்தியாளர் பலர் சர்க்கரையின் அளவைக் குறைத்தனர்.