அச்சச் சுவையும் இளையோரும்

உள்ளத்தில் எழும் உணர்ச்சி முகத்திலும் உடலிலும் புலப்படுவதை மெய்ப்பாடு என்பர். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, அச்சத்தையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். தெய்வம், கொடிய விலங்கு, கள்வர், தம்மை ஆளும் தலைவர் ஆகிய நான்கினால் அச்சம் பிறக்கும் எனவும் அவர் காட்டினார். நகையும் உவகையும் போலவே அச்சமும் இலக்கியத்திற்கு உரிய பொருளே என்பது இதனால் விளங்கும்.

நம் முன்னோர் பேய்களைப் பாடுவதற்குக் கூசினாரல்லர். சயங்கொண்டார் இயற்றிய கலிங்கத்துப்பரணியில் பேய்கள் பசியால் மெலிந்து வருந்துகின்றன. போர் முடிந்ததும் களத்திலேயே கூழ் சமைத்து உண்டு களிக்கின்றன. அப்பகுதிகளைக் கற்போர் அஞ்சுவதோடு நகைக்கவும் செய்கின்றனர். முருங்கை மரத்தில் தொங்கிய வேதாளத்தின் கதையைப் பாட்டியார் மடியில் கிடந்து கேளாத பிள்ளைகள் முன்னாளில் மிகச் சிலரே. எனவே அச்சந்தரும் கதைகள் யாவும் இளையோர்க்கு ஆகாதன என்று ஒதுக்குதல் முறையாகாது.

ஆயினும், பாட்டியார் கூறும் கதைக்கும் திரையிற் காணும் படத்திற்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. பாட்டியார் கதை கூறுங்கால் பேரனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கூறுகிறார். அவன் விழிகள் மருண்டால் வேதாளத்தின் குரலைத் தாழ்த்துகிறார். அழத் தொடங்கினால் விக்கிரமாதித்தனை விரைந்து வெற்றிபெறச் செய்கிறார். திரையோ எவர் முகத்தையும் பார்ப்பதில்லை. எதிரே இருப்பவர் எழுபது வயதினரோ ஏழு வயதினரோ, அது காட்டவேண்டியதைக் காட்டியே தீரும். ஆதலின், எந்தப் படம் எவர்க்கு ஏற்றது என்று ஆராயும் கடமை பார்ப்போரையும் அவர்தம் வீட்டாரையும் சார்ந்ததாகிறது.

இக்கடமையை நான் உணர்ந்தது என் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியால் ஆகும். நாங்கள் வாழ்வது சென்னையில், அடையாற்றுக்கு அண்மையிலுள்ள நந்தனத்தில். என் பேரர் இருவருள் மூத்தவன் ஒன்பதாம் வகுப்பிலும், இளையவன் இரண்டாம் வகுப்பிலும் பயின்றுவந்தனர். முழுஆண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில் ஒரு நாள் பிற்பகல், மூத்தவன் தன் தோழர்களுடன் அமர்ந்து கைப்பேசியில் ஒரு பேய்ப்படம் பார்த்தான். இளையவனும் அவர்கள் முதுகுக்குப் பின்னே நின்று பார்த்தான். "அவன் சிறுவன்; அவனுக்கு என்ன விளங்கப்போகிறது!" என்று எண்ணி, ஒருவரும் அவனை விலக்கவில்லை.

மறுநாட் காலையில் எங்கள் நிலைக்கண்ணாடியின்மீது ஒரு துண்டு போர்த்தப்பட்டிருந்தது. யார் செய்தது என வினவினேன். "கண்ணாடியில் தூசு படியக்கூடாது என்று நான்தான் மூடினேன், தாத்தா" என்றான் இளையவன். அன்று முதல் அவன் இரவில் தண்ணீர் அருந்தவும் தனியே செல்வதில்லை. விளக்கை அணைக்கவும் விடுவதில்லை. அவன் கண்ட படத்தில் கண்ணாடியினுள்ளிருந்து ஓர் உருவம் வெளிப்பட்டதாம். அதனை அவன் எவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அண்ணன் "பயந்தாங்கொள்ளி" என்று நகைப்பான் என்பதே காரணம். அச்சம் ஒன்று, அதனை மறைக்கவேண்டிய நாணம் மற்றொன்று. அவ்விரண்டையும் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் தனியே சுமந்தான்.

திரையிலே தோன்றும் அச்சம் நாட்டுக்கும் அரசுக்கும் புதிய சிக்கலன்று. 1951 ஆம் ஆண்டில் ஜூபிடர் நிறுவனத்தார் 'மர்மயோகி' என்னும் தமிழ்ப்படத்தை வெளியிட்டனர். கே. ராம்நாத் இயக்கிய அப்படத்தில் எம். ஜி. இராமச்சந்திரன் கரிகாலன் என்னும் வீரனாக நடித்தார். இறந்துபட்டான் என்று கருதப்பட்ட மன்னனின் ஆவி உலவும் காட்சிகள் அதில் இருந்தன. அக்காட்சிகளின் பொருட்டு அப்படம் வயது வந்தோர்க்கு மட்டும் உரியது எனச் சான்றளிக்கப்பட்டது. 'ஏ' என்னும் அச்சான்றினைப் பெற்ற முதல் தமிழ்ப்படம் அதுவே என்பர். கதையின்படி மன்னன் இறக்கவேயில்லை. உயிர் பிழைத்த அவனே மறைந்திருந்து ஆவிபோல் தோன்றினான். பேய் பொய்யாயினும், அதனைக் கண்டு சிறுவர் கொள்ளும் அச்சம் பொய்யன்று என அதிகாரிகள் கருதினர் போலும்.

இச்சான்றுகளின் வரலாற்றையும் நாம் அறிதல் வேண்டும். இந்தியாவில் திரைப்படச் சட்டம் முதன்முதல் 1918 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 1920 ஆம் ஆண்டில் சென்னை, பம்பாய், கல்கத்தா, இரங்கூன் ஆகிய நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் அமைந்தன. 1949 ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம், யாவரும் காணத்தக்க படங்களுக்கு 'யு' என்றும், வயது வந்தோர்க்கு மட்டும் உரியவற்றிற்கு 'ஏ' என்றும் இருவகைச் சான்றுகளுக்கு வழிவகுத்தது. பின்னர் 1952 ஆம் ஆண்டில் இன்றும் நடைமுறையிலுள்ள திரைப்படச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டு தமிழ் ஆண்டு வரிசையில் நந்தன ஆண்டாகும். எங்கள் நந்தனமும் அவ்வாண்டின் பெயரால் அமைந்ததென்று கூறுவர்.

யாவர்க்கும் என்றும் வயது வந்தோர்க்கு என்றும் இரண்டே வகையிருப்பது போதவில்லை. ஆகவே 1983 ஆம் ஆண்டில், பெற்றோர் வழிகாட்டுதலுடன் சிறுவர் காணத்தக்கது என்னும் பொருளில் 'யுஏ' என்ற இடைப்பட்ட வகை சேர்க்கப்பட்டது. நான்கு வயதுக் குழந்தையும் பதினைந்து வயது மாணவனும் ஒரே வகையில் அடங்குவரோ? அடங்கார். ஆதலின் 2023 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அவ்வகையை 7, 13, 16 என்னும் வயதுகளை எல்லையாகக் கொண்டு மூன்றாகப் பிரித்தது. இணையத்தின் வழியே படங்களை வழங்கும் நிறுவனங்களும் இத்தகைய வயதுக்குறிப்பைத் தரவேண்டும் என்றும், 13 வயதும் அதற்கு மேலும் எனக் குறிக்கப்பட்டவற்றைப் பெற்றோர் பூட்டிவைக்கும் வசதி வேண்டும் என்றும் 2021 ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன.

சான்றெழுத்து நமக்கு முதல் வேலியாகும். அதனை மதியாது தாண்டுதல் தகாது. ஆயினும் வேலி ஒன்றே பயிரை வளர்த்துவிடாது. பேய் உண்டா இல்லையா என்பதைக்கொண்டு மட்டும் ஒரு படத்தின் தகுதியை அளந்துவிடவும் இயலாது. 1984 ஆம் ஆண்டில் மலையாளத்தில் வெளிவந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்' இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமாகும். அதில் மந்திரவாதியிடம் அடிமைப்பட்ட குட்டிச்சாத்தானைப் பிள்ளைகளே விடுவித்துத் தோழனாக்கிக்கொள்கின்றனர். சாத்தான் இருந்தும் அது சிறுவர் படமே. மறுபுறம், வால்ட் டிஸ்னி 1937 ஆம் ஆண்டில் சிறுவரும் விரும்பும் தேவதைக் கதையொன்றைச் சித்திரப் படமாக்கினார். 'ஸ்நோ ஒயிட்' என்னும் அப்படத்தின் சூனியக்காரியையும் இருண்ட காட்டையும் கண்ட இங்கிலாந்துத் தணிக்கைக் குழு, பெரியவர் துணையின்றிச் சிறுவர் காணலாகாது என்னும் வகையில் அதனை வைத்தது. எனவே படத்தை மட்டும் நோக்குதல் போதாது; பார்ப்பவரையும் நோக்குதல் வேண்டும்.

வயதுக்கேற்ப அச்சமும் வேறுபடும். மிகச் சிறிய பிள்ளைகள் தோற்றத்தைக் கண்டு அஞ்சுவர். கோர முகமுடையது நன்மையே செய்யினும் அவர்க்கு அது அரக்கனே. "இது வெறும் படம்" என்று தேற்றினும் அச்சொல் அவர்தம் நெஞ்சிற் பதியாது. எட்டு ஒன்பது வயதின் பின்னர், "இது மெய்யாக நிகழுமோ?" என்னும் எண்ணம் தலைதூக்கும். அப்போது பறக்கும் பூதத்தைவிட, வீட்டினுள் புகும் கள்வனும் பிள்ளையைக் கவரும் கொடியவனும் மிகுதியாக அச்சுறுத்துவர். உங்கள் வயதினர் மெய்யையும் பொய்யையும் பிரித்தறிவர். ஆயினும் அறிவு பிரித்தறிவதற்கு முன்னரே உடல் நடுங்கிவிடுகிறது. மூளையினுள் வாதுமைப் பருப்பின் வடிவில் அமைந்த ஒரு சிறுபகுதி இடரை உணர்ந்தவுடன் நெஞ்சைப் படபடக்கச் செய்கிறது. சிந்தனை அதன்பின்னரே வந்து சேர்கிறது. ஆகவே அஞ்சுதல் அறியாமையின் அடையாளமன்று. உடலின் இயல்பே என்க.

இனி, ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்குமுன் கேட்டுக்கொள்ளத்தக்க வினாக்கள் நான்கினைக் காண்போம்.

முதலாவது, சான்றெழுத்து யாது? அதிற் குறித்த வயதுக்கு உட்பட்டவர் எவரேனும் அறையில் உள்ளனரா? பின்னே நின்று பார்ப்பவரும் பார்ப்பவரே.

இரண்டாவது, படத்தில் எழுப்பப்படும் அச்சம் இறுதியில் அவிழ்கிறதா? முடிச்சு அவிழ்ந்து அறம் வெல்லுமாயின் உள்ளம் அமைதியுறும். "பேய் இன்னும் இருக்கிறது" என்று முடியும் படம் அச்சத்தை வீட்டுக்கு உடன் அனுப்பிவைக்கிறது.

மூன்றாவது, அச்சம் எப்பொருளின்மேல் ஏற்றப்படுகிறது? தொலைவிலுள்ள பாழடைந்த கோட்டையின்மேல் ஏற்றிய அச்சம் கோட்டையோடு நின்றுவிடும். கண்ணாடி, கட்டில், குளியலறை, தாயின் முகம் ஆகியவற்றின்மேல் ஏற்றிய அச்சத்தையோ சிறுவன் நாள்தோறும் எதிர்ப்பட வேண்டும். உடலைச் சிதைத்தலையும் குருதி சிந்துதலையும் விருந்தாக்கிக் காட்டும் படங்களில் அச்சச் சுவை இல்லை, கொடுமையே உண்டு. அவை இளையோர்க்கு எவ்வகையானும் ஆகா.

நான்காவது, உடனிருப்பவர் யார்? நேரம் எது? வேண்டாம் எனத் தோன்றினால் எழுந்து செல்ல இயலுமா? பெரியவர் அருகிருக்கப் பகலில் காணும் படம் தருகின்ற அச்சம் வேறு. நள்ளிரவில் போர்வைக்குள் தனியே காணும் படம் தருகின்ற அச்சம் வேறு.

நான்காம் வினாவில் ஒரு நுட்பம் உண்டு. தோழர் பலர் கூடியிருக்கையில், "நான் பார்க்கவில்லை" என்று எழுந்து செல்வது எளிதன்று. கேலிக்கு அஞ்சிப் பலரும் அமர்ந்திருப்பர். பேய்க்கு அஞ்சுவதினும் நகைப்புக்கு அஞ்சுவதே அங்கு மிகுதி. அஞ்சவேண்டியவற்றுக்கு அஞ்சுவதை வள்ளுவர் அறிவின்பாற்படுத்தினார். ஆதலின் தன் மனத்தின் அளவறிந்து விலகுபவன் கோழையல்லன். அவ்வாறு விலகும் தோழனை நகையாமல் விடுதல் உங்கள் பண்பிற்கு அழகாகும்.

ஏற்காத காட்சியொன்றைக் கண்டுவிட்டால் செய்வது யாது? கண்ணை மட்டும் மூடுதல் பயன்தாராது. அச்சத்தின் பெரும்பகுதி காதின் வழியே நுழைகிறது. ஆகவே ஓசையை நிறுத்துக, விளக்கை ஏற்றுக, பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கண்டதைச் சொல்லுக. சொல்லிவிட்ட அச்சம் பாதி குறைந்த அச்சமாகும்.

மீண்டும் என் பேரரிடம் வருவோம். ஐந்தாம் நாள் இரவு இளையவன் அண்ணனின் படுக்கைக்கு வந்து அவன் கையைப் பற்றிக்கொண்டு படுத்தான். மூத்தவன் வழக்கம்போல் நகைக்கவில்லை. விளக்கொளியில் தம்பியின் முகத்தை அன்றுதான் உற்றுப் பார்த்தான் போலும். காலையில் என்னிடம் வந்து, "தாத்தா, நான்தான் அவனைப் பார்க்க விட்டேன். அந்தக் கண்ணாடியை மூன்று நாள் நானும் நிமிர்ந்து பார்க்கவில்லை" என்றான். "இதனை என்னிடம் சொல்லிப் பயனென்ன? உன் தம்பியிடம் சொல்" என்றேன்.

அவன் சென்று சொன்னான். அண்ணனும் அஞ்சினான் என்று கேட்டதும் இளையவனின் முகம் மலர்ந்ததை நான் கண்டேன். முற்காலத்தில் ஒரே படச்சுருளில் இருமுறை படம் பதித்து ஆவியைத் தோற்றுவிப்பர் என்று நான் விளக்கினேன். உடனே மூத்தவன் கைப்பேசியில் அத்தகையதொரு படத்தை அமைத்தான். அதில் இளையவனே ஆவியாகி நாற்காலியை ஊடுருவி நடந்தான். தன்னைத் தானே கண்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

துண்டை எடுக்குமாறு நாங்கள் வற்புறுத்தவில்லை. மேலும் சில நாட்கள் அது கண்ணாடியின்மீதே கிடந்தது. பின்னர் ஒருநாள் காலையில் அது துவைக்கப்பட்டுக் கொடியில் உலர்ந்துகொண்டிருந்தது. அதனை எடுத்தவர் யார் என்று நானும் கேட்கவில்லை.

மாணவர்களே! உங்களுள் பலர்க்குத் தம்பியரும் தங்கையரும் இருப்பர். கைப்பேசி உங்கள் கையில் இருக்கும்போது, அவர்கள் காண்பது யாது என்று தீர்மானிக்கும் பெரியவர் நீங்களே. சட்டம் படத்தைப் பார்த்துச் சான்றளிக்கும். திரை எவரையும் பாராது. உங்கள் அருகிலிருக்கும் சிறு முகத்தைப் பார்த்தற்குரியவர் நீங்களேயன்றி வேறு யாவர்?