ஊகம் போதாது, சோதனை வேண்டும்



நம் உடல் வல்ல அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேண வேண்டுமானால் முதலில் அதன் நிலையை நாம் அறிந்திருக்க வேண்டும். ஆகவே, வாய்விட்டுப் பேச நாம் கூசும் எச்.ஐ.வி. பற்றி இம்மாதப் பாடத்தில் சிந்திப்போம்.

திருமுல்லைவாயிலில் ரயிலேறி அம்பத்தூருக்கும் சென்னைக்கும் வேலைக்குச் செல்லும் நம் வாலிபர்களிடம் இப்பேச்சை எடுத்தால் இரண்டு பதில்கள் வரும். ஒன்று, "அது நமக்கு வராது." மற்றொன்று, "சோதித்தால் ஊருக்குத் தெரிந்துவிடும்."

முதல் பதிலைப் பார்ப்போம். இந்தியாவுக்கே இந்நோய் வராது என்று பலர் எண்ணியிருந்த காலத்தில், 1986இல், சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி செல்லப்பன் நிர்மலா இரத்த மாதிரிகளைத் திரட்டினார். வேலூரில் சோதித்தபோது ஆறு பேருக்குக் கிருமி இருப்பது தெரிந்தது. நாட்டில் முதன்முதல் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். ஊகம் பொய்த்தது, சோதனை உண்மையைச் சொன்னது.

"நாம் சுன்னத் செய்தவர்கள்" என்று ஆறுதல் கொள்வோரும் உண்டு. ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த ஆய்வுகளின்படி, விருத்தசேதனம் பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றும் அபாயத்தைச் சுமார் 60 சதவீதம் குறைக்கிறது. குறைக்கிறதே தவிர, அறவே நீக்குவதில்லை. ஊசியால் வரும் தொற்றை அது தடுப்பதே இல்லை.

இக்கிருமி பாதுகாப்பற்ற உடலுறவாலும், பிறர் பயன்படுத்திய ஊசியாலும், கிருமியுள்ள இரத்தத்தாலும், தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும். ஒரே ஸஹனில் உண்பதாலோ, ஒரே ஹவ்ழில் ஒளூச் செய்வதாலோ, முஸாபஹா செய்வதாலோ பரவாது. விபச்சாரத்தையும் போதை ஊசியையும் விட்டு விலகுவது மார்க்கக் கடமை. அதுவே பெரும் காப்பு. தம்பதியரில் ஒருவருக்குக் கிருமி இருந்தால் மருத்துவர் சொற்படி மருந்தும் ஆணுறையும் மற்றவரைக் காக்கும். தொற்றியிருக்குமோ என்று அஞ்சத்தக்க நிகழ்ச்சி நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரை அணுக வேண்டும். தடுப்பு மருந்தை 28 நாட்கள் உட்கொள்ள வேண்டும்.

இனி இரண்டாவது பதில். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் ஆலோசனையும் சோதனையும் இலவசம். சம்மதமின்றிச் சோதிப்பதையும் முடிவை வெளியிடுவதையும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 1097 என்ற எண்ணில் கட்டணமின்றி விவரம் கேட்கலாம். தொற்றிய உடனே சோதனையில் தெரியாமல் போகலாம். ஆகவே மூன்று மாதம் கழித்து மறுபடியும் சோதிப்பது நலம்.

கிருமி இருப்பதாகத் தெரிந்தால் வாழ்வு முடிந்துவிட்டதா? இல்லை! 2004 ஏப்ரல் முதல், தாம்பரம் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. நாள் தவறாமல் உண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவால் துணைக்குத் தொற்றுவதில்லை. இல்லறமும் மக்கட்பேறும் கைகூடும்.

வாலிபர்களே! பிழை செய்தவர் தவ்பாச் செய்யட்டும். தவ்பாச் செய்தவரும் சோதித்துக்கொள்ளட்டும். தவ்பா இறைவனுக்கும் அடியானுக்கும் இடையிலுள்ளது. சோதனையோ, நாளை உங்களை நம்பி வரும் மனைவிக்கும் பிறக்கும் பிள்ளைக்கும் நீங்கள் செலுத்த வேண்டிய ஹக்கு.

பெற்றோர்களே, ஜமாஅத் பெரியவர்களே! சோதிக்கச் சென்றவனைச் சந்தேகக் கண்ணால் பார்க்காதீர்கள். ஒன்றும் தவறு செய்யாமலே நோயுற்றவர்களும் உண்டு. உங்கள் ஏச்சுக்கு அஞ்சி ஒருவன் மறைத்தால், அதன் துன்பம் அவனோடு நிற்காது.

உடலெனும் அமானிதத்தைப் பேணி நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.